ஹாலிஸ் ரோட்டில் லைன் இல்லை

ரிப்பேர் படிவத்தில் முகவரிக் கட்டத்தில் அந்தப் பெண் 'ஹாலிஸ் ரோடு, டவ்பாக்கி' என்று எழுதியபோதே, அந்த போன் கடையில் வேலை பார்க்கும் வெற்றி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அவசரத் தொடர்புக்கு இன்னொருவர் பெயர் என்ற கட்டத்தில் 'நரேந்திரன், கணவர்' என்று எழுதியதும் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"வீட்ல லைனே இல்லண்ணே," என்றாள் அவள். மலேசியத் தமிழ். டவர் இல்லை என்று நாம் சொல்வதை அவர்கள் லைன் இல்லை என்பார்கள். "இங்க மால்ல வெச்சுப் பாத்தா நாலு கோடும் நிக்குது. வெஸ்ட்கேட் தாண்டுனதும் ஒண்ணொண்ணா போயிடுது. வீட்டுக்குள்ள சுத்தமா இல்ல. போன் கெட்டுப் போச்சா என்னான்னு பாருங்க."

அவள் பெயர் சுபாஷினி. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளுக்கு ஆன்-கால் என்று குறித்த நாட்களில் மருத்துவமனை கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும், அரை மணியில் போய் நிற்க வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோன இரண்டு மாதத்தில் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் அவள் போனில் மணி அடிக்கவே இல்லை. லேண்ட்லைன் கம்பி அந்தச் சாலைக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். மூன்றாவது முறையும் நடந்தால் விசாரணை, ஆன்-கால் பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவார்கள். அவளுடைய அடுத்த ஆன்-கால் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கும்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் நியூ லின் மாலில், ரயில் நிலைய வாசலுக்கு எதிரே இருந்த அந்த போன் கடையில் புதன்கிழமை மத்தியானம் கூட்டம் கிடையாது. வெற்றி நிதானமாக அவள் போனைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தான். அவ்வளவுதான் பார்க்க வேண்டியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து தம்பி வரும்போது வாங்கி வந்த போன். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு போன் கொண்டுவரச் சொல்வார்கள், ஊறுகாய் பாட்டில் மாதிரி அது எந்த நாட்டிலும் செல்லும் என்று நம்புவார்கள். நகரத்துக்குள் செல்லும். மேட்டுக்குப் பின்னால், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒழுங்காக எட்டுவது எழுநூறு என்ற அலைவரிசை ஒன்றுதான். இந்த மாடலுக்கு அந்த எழுநூறைப் பிடிக்கத் தெரியாது. இங்கே விற்கும் சாதாரண போன் ஒன்றில் சிம்மை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

"வீட்டுக்கு வந்து பாத்தாத்தான் மேடம் சொல்ல முடியும்," என்றான் வெற்றி. "சனிக்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் வர்றேன். சார் வீட்ல இருப்பாரா?"

"இருப்பாரு. அவரு இந்த லைன் அளக்குற கம்பெனியிலதான் மேனேஜரா இருக்காரு. அவரே பாத்துட்டு, ஏரியா நல்ல ஏரியா, போன்லதான் கோளாறுங்கிறாரு."

"அப்ப கண்டிப்பா அவரும் இருக்கட்டும்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வெற்றி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒருவனை மூன்று வருடம் விடாமல் வெறுப்பது லேசான காரியம் இல்லை. அதற்கென்று தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். வெற்றி ஒதுக்கினான். காலையில் பல் தேய்க்கும்போதும், ரயிலில் போகும்போதும், அடுத்தவன் போனுக்கு உடைந்த கண்ணாடி மாற்றும்போதும் நரேந்திரனிடம் மனசுக்குள் பேசிக்கொண்டே இருந்தான். எல்லா வாக்குவாதத்திலும் வெற்றிதான் ஜெயித்தான். நிஜத்தில் ஜெயித்தது அந்த ஆள்.

2014இல் வெற்றி பார்த்தது வேறு வேலை. காரின் முன்பலகையில் நான்கு போன்களை நிறுத்தி, லேப்டாப்போடு இணைத்து, ஆக்லாந்தின் ஒவ்வொரு சாலையிலும் மூன்று முறை ஓட்டி, எந்த இடத்தில் எவ்வளவு ஸ்பீடு கிடைக்கிறது என்று அளப்பது. நல்ல இடம் வரைபடத்தில் பச்சை, மோசமான இடம் சிவப்பு. காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவன் ஓட்டுவான், ஒருவன் திரையைப் பார்ப்பான், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். வெற்றிக்கு ஜோடியாக வாய்த்தவன் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த நரேந்திரன். ஆறு வயது மூத்தவன் என்பதால் வெற்றி அவனை நரேன் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அந்த அண்ணேயை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அந்த வருடங்களில் ஆக்லாந்தே வீடு பார்க்கும் வெறியில் இருந்தது. சனிக்கிழமையானால் தெருவுக்குத் தெரு, விற்கும் வீட்டை யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற 'ஓபன் ஹோம்' பலகை. முதல் பலகையைக் கண்டதும் நரேந்திரன், "தம்பி, என்னை இங்க எறக்கி விட்டுட்டு நீ சுத்திட்டு வா லா," என்பான். வெற்றி தனியாக ஓட்டுவான், ஓரம் கட்டுவான், திரையைப் பார்த்துக் கறுப்பு அட்டை நோட்டில் எண்களை எழுதிக்கொள்வான். நரேந்திரன் நாலு வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஏஜென்ட் வைத்திருந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டு, சாயங்காலம் ஏறிக்கொண்டு கையெழுத்துப் போடுவான்.

ஹாலிஸ் ரோட்டில் சிவப்பு விழுந்தது. இந்தப் பக்கத்துச் சாலையும் பச்சை, அந்தப் பக்கத்துச் சாலையும் பச்சை, நடுவில் இந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் எப்படிச் சிவப்பு என்று, அளக்கும் வேலையைக் கொடுத்திருந்த போன் கம்பெனி கேட்டது. சாலை ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். மேலாளர் கிரெய்க் இருவரையும் கூப்பிட்டு, காரில் இரண்டு பேரும் இருந்தீர்களா என்றார். இல்லை என்று சொன்னால் ஒரு வருடம் போட்ட கையெழுத்தெல்லாம் நரேந்திரன் கழுத்துக்கு வரும். அவன் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, வெற்றி தனியாகப் போனான், போனானோ இல்லையோ, வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டான் என்று நினைக்கிறேன், நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றான். லேப்டாப் பதிவில் கார் போன தடம் இருந்திருக்கும். அந்தக் கோப்பு அவனிடம் இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்றான்.

பிறகு நரேந்திரன் இரண்டு பக்கத்துச் சாலை எண்களையும் கூட்டிப் பாதியாக்கி, வரைபடத்தில் ஹாலிஸ் ரோட்டுக்கும் பச்சை பூசினான். வெற்றியைப் பொய்க் கணக்கு எழுதியவன் என்று அனுப்பினார்கள். திருநெல்வேலியில் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன் ஏழு இடங்களுக்கு மனுப் போட்டான். ஏழு இடமும் கிரெய்க்கைக் கேட்டது, கிரெய்க் ஏழு இடத்துக்கும் ஒரே பதில் சொன்னார்: நேர்மை விஷயத்தில் ஒரு பிரச்சினை. இப்போது அவன் மனைவி சிந்து கிளென் ஈடன் முதியோர் இல்லத்தில் பார்க்கும் வேலையில்தான் இருவருடைய விசாவும் நின்றது. அவனுக்கு வேண்டியது தன் பெயர். அது நரேந்திரன் வாயில் இருந்தது.

அன்று சாயங்காலம் சிந்துவிடம் சொன்னான். போனால் போகிறது, மறந்துவிடுங்கள் என்று சொல்கிற ரகமில்லை அவள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் சூட்கேஸைத் திறந்து கறுப்பு நோட்டை எடுத்து வந்து மேசையில் போட்டாள்.

"அந்தாளு வாயாலயே சொல்ல வைக்கணும்," என்றாள். "நம்மகிட்ட சொன்னா பத்தாது. கிரெய்க் காதுல விழணும்."

"விழும்."

ஒரு நிமிடம் கழித்துக் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"அவங்களுக்கு டியூட்டி சனிக்கிழமை மூணு மணிக்குத்தான். ஒரு மணிக்கே நான் போயிடுவேன்."

சனிக்கிழமை அவன் வெஸ்ட்கேட்டின் புதுக் கடைகளைத் தாண்டி, ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினான். முன்பு மாடுகள் நின்று அவன் காரை வேடிக்கை பார்த்த புல்வெளியில் இப்போது ஏழு வீடுகள் நின்றன. நான்காவது வீட்டில் மணி அடித்தான். கதவைத் திறந்தது நரேந்திரன். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், மற்றபடி அதே ஆள். அவன் முகம் வெளுப்பதை வெற்றி ரசித்துப் பார்த்தான்.

"நல்லா இருக்கீங்களாண்ணே? போன் கடையிலேர்ந்து வந்திருக்கேன்."

"தம்பி... நீயா?" என்றான் நரேந்திரன். அதற்குள் சுபாஷினி பின்னால் வந்துவிட்டாள். அழுததுபோல் அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று வெற்றி நினைத்துக்கொண்டான். இன்றைக்கு அது இன்னும் பெரிதாகும் என்றும் நினைத்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமா இவர?"

"ஒரே கார்ல வேலை பாத்தோம் மேடம்," என்றான் வெற்றி. "இருக்க வேண்டியது ஒரே கார்ல."

அவன் அவசரப்படவில்லை. நரேந்திரன் கையில் கறுப்பு நோட்டைக் கொடுத்து, குறித்த பக்கத்தைத் திறந்து பிடிக்கச் சொன்னான். சுபாஷினியை அவள் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் வைத்து எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னான். தபால் பெட்டி அருகே அவள் படித்தாள்: "பூஜ்யம் புள்ளி மூணு." கராஜ் வாசலில்: "பூஜ்யம் புள்ளி நாலு." வீட்டு அடுக்களையில் ஊசி சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. "வரவே இல்லண்ணே."

"நோட்டுல என்ன போட்டிருக்கு, படிங்கண்ணே," என்றான் வெற்றி.

நரேந்திரன் நோட்டை மூடப் போனான். சுபாஷினி வாங்கிப் பார்த்தாள். ஹாலிஸ் ரோடு, சனி, 14 ஜூன் 2014. முதல் சுற்று 0.3. இரண்டாம் சுற்று 0.4. மூன்றாம் சுற்று, இல்லை.

"இத நான் வீட்ல உக்காந்து எழுதினேன்னு சொல்லி என்னை அனுப்பினாங்க மேடம். சொன்னது சார்தான். கூட உக்காந்து அளக்க வேண்டியவரும் சார்தான்."

"அப்ப இவரு எங்க இருந்தாரு?"

"வீடு பாத்துட்டு இருந்தாரு."

சுபாஷினி நோட்டை மேசையில் வைத்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். "அந்த வருஷம் சனிக்கெழம எல்லாம் வேலன்னு போனீங்க. சாயங்காலமானா வீட்டுப் படமா அனுப்புவீங்க. கேட்டா, போற வழியில பாத்தேன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "இந்த வீடு வாங்குறப்ப நான் கேட்டேனா இல்லயா? லைன் வருமா, எனக்கு ஆன்-கால் இருக்குன்னு கேட்டேனா? மேப்ப எடுத்துக் காட்டுனீங்க. பச்சையா இருக்கு பாருன்னீங்க."

"ரெண்டு பக்கமும் பச்சை," என்றான் நரேந்திரன் தரையைப் பார்த்து. "நடுவுல மட்டும் எப்படி இருக்காதுன்னு நெனச்சேன்."

தான் பூசிய பொய்யைத் தானே நம்பி, அதன் மேல் வீடும் வாங்கியிருந்தான். வெற்றி மூன்று வருடம் மனசுக்குள் நடத்திய எந்த வாக்குவாதத்திலும் இவ்வளவு நல்ல கட்டம் வந்ததில்லை. அதை வீணாக்க மனம் வரவில்லை.

"ஒரே ஒரு சனிக்கிழமை என்கூட கார்ல உக்காந்திருந்தீங்கன்னா, இந்த வீட்டை வாங்கியிருக்க மாட்டீங்கண்ணே."

"பழச எதுக்கு தம்பி கிளர்ற? இப்ப இந்த லைனுக்கு வழி இருக்கா, சொல்லு லா."

"இருக்கு. இந்த அடுக்களையிலயே நல்லா வேலை செய்ற போன் என் பையில இருக்கு. நீங்க முதல்ல அதுலேர்ந்து கிரெய்க்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல பேசுங்க. கார்ல இல்லைன்னு சொல்லுங்க. வெற்றி போனான், அளந்தான், நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. அப்புறம் வழி சொல்றேன்."

"அவரு என் பாஸ், தம்பி. என் வேல போயிடும். வேற வழி இல்லயா?"

"எனக்கு இருந்துச்சா?"

நரேந்திரன் மனைவியைப் பார்த்தான். இரக்கம் எதிர்பார்த்தான் போலிருக்கிறது, பாவம்.

"பேசுங்க," என்றாள் சுபாஷினி.

வெற்றி பையிலிருந்து போனை எடுத்தான். சாதாரண போன், எந்தக் கடையிலும் கிடைப்பது. அடுக்களை மேசையில் வைத்ததும் நான்கு கோடுகளும் எழுந்து நின்றன. கிரெய்க் ஏதோ ரக்பி மைதானத்தில் இருந்தார், பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நரேந்திரன் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துத் தொடங்கினான். வெற்றி நோட்டை விரலால் தட்டினான். அதன் பிறகு அவன் நேராகச் சொன்னான்: நான் காரில் இல்லை, எந்தச் சனிக்கிழமையும் இல்லை, வெற்றி எழுதியது எல்லாம் நிஜம், கோப்பை அழித்தது நான், வெற்றி இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறான்.

கிரெய்க் மைதானத்துக் கூச்சலிலிருந்து தள்ளிப் போவது கேட்டது. "திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் அறைக்கு வா, நரேன்," என்றார் கிரெய்க். அப்புறம், "வெற்றி, கேட்கிறதா? உனக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அந்த ஏழு பேருக்கும் சேர்த்து." எண்ணிக்கையை அவரும் மறக்கவில்லை.

வெற்றிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி மறைக்க ஒன்றுமில்லை. எதிரி தன் வீட்டு அடுக்களையில் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம். சிந்துவிடம் எந்த வார்த்தையில் தொடங்கிச் சொல்வது என்று அதற்குள் யோசிக்கவும் தொடங்கிவிட்டான். தாராளம் வந்துவிட்டது அவனுக்கு. சுபாஷினியின் போனிலிருந்து சிம்மை எடுத்துத் தானே புதுப் போனில் போட்டு அவளிடம் நீட்டினான்.

"அவ்வளவுதான் மேடம். உங்க போன்ல எழுநூறு கிடையாது, இதுல இருக்கு. இனிமே ஒரு கால்கூட தப்பாது."

அவள் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். புதன்கிழமை அவன் திருப்பிப் பார்த்ததைப் போலவே பார்த்தாள்.

"இத எப்பண்ணே பையில எடுத்து வெச்சீங்க?"

வெற்றி பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அன்னிக்குக் கடையில என் போனத் திருப்பிப் பாத்தீங்க. ஒரு நிமிஷம்கூட ஆவல. அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னவன் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வெற்றிக்குப் பிடிக்கவில்லை.

"தெரியும்."

சுபாஷினி தலையாட்டினாள். "வெள்ளிக்கெழம ஒரு பிரண்டுக்கு உடம்பு முடியல, அவளோட ஆன்-கால நான் எடுத்துக்கிட்டேன். வெஸ்ட்கேட் பக்கம் போய் உக்காந்துக்கலாம்னு இருந்தேன், கெளம்புறதுக்குள்ள நேத்துக் காலையில கூப்பிட்டிருக்காங்க. நாலு தடவ. ஒருத்தரு வயித்துக்குள்ள ரத்தம் போயிட்டு டேபிள்ல கெடக்குறாரு, நான் இந்த அடுக்களையில தோசை சுட்டுட்டு நிக்கிறேன். இன்னொருத்தங்கள வரவழைக்க முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உயிரு இருக்கு. ஐசியூல இருக்காரு. இன்னிக்கு டியூட்டியும் போச்சு. திங்கக்கெழம பத்து மணிக்கு எனக்கு விசாரணை."

சனிக்கிழமை மூன்று மணி என்று சிந்துவிடம் சொன்னது வெற்றிக்கு நினைவு வந்தது. இரண்டு நிமிட விஷயத்தை அவன் மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"மேடம், இப்படி ஆகும்னு நான்..."

"அவருந்தான் இப்படி ஆகும்னு நெனைக்கல."

அவள் புதுப் போனில், சிம்மோடு வந்திருந்த ஒரு எண்ணை அழுத்தினாள், ஸ்பீக்கரைப் போட்டாள், மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினாள். திரையில் 'ஹெலன், தியேட்டர் பொறுப்பாளர்' என்ற ஆங்கில எழுத்துக்கள் எரிந்தன.

"புதன்கெழமையே தெரியும், சொல்லாம வெச்சிருந்தேன்னு சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க. கடை பேரு சொல்லுங்க, ஒங்க பேரு சொல்லுங்க."

"என் வேலை போயிடும் மேடம்."

"ஆமா."

நரேந்திரன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி வெற்றியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால்கூட வெற்றி தாங்கியிருப்பான். கேலி இல்லை. பக்கத்தில் இடம் இருக்கிறது, வா என்பதுபோல இருந்தது.

மணி மூன்று முறை அடித்தது. நான்கு கோடுகளும் அசையாமல் நின்றன. ஹெலனின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக வந்து, யார் பேசுவது என்று கேட்டது.

"என் பெயர் வெற்றி," என்று அவன் ஆரம்பித்தான்.